தச்சரின் இடது கை: ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கு

ஜெய்ப்பூர் என்றதும் ராஜஸ்தானை நினைக்க வேண்டாம். இது ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில், ஆந்திர எல்லைப் பக்கம் இருக்கும் பழைய ஜமீன் ஊர். 1968 ஜூலை 6 அன்று அங்கே ஒரு சினிமா கொட்டகையில் அலங்கார வேலை நடந்துகொண்டிருந்தது. வேலையில் இருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டி வந்தது. மாதச் சம்பளம் 120 ரூபாய்.

இந்தியாவில் வேலையிட விபத்துக்கான இழப்பீடு பற்றி இன்று யார் வாதாடினாலும், தொழிலாளி பக்கம் நின்றாலும் சரி, இன்ஷூரன்ஸ் கம்பெனி பக்கம் நின்றாலும் சரி, அந்தக் கொட்டகையைத் தாண்டிப் போக முடியாது. வக்கீல்கள் 'பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு' என்று சொல்வது இதைத்தான். அது முதலாளியின் பெயர். உச்ச நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுபோனவர் அவர் என்பதால் அவர் பெயரே முன்னால் நின்றுவிட்டது. கை போனவர் வெறும் எதிர்மனுதாரர். நான் அவரைத் தச்சர் என்றே சொல்கிறேன். வழக்கின் சாரமே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

மனுக்களில் இந்தத் தீர்ப்பிலிருந்து தொழிலாளி பக்க வக்கீல்களான நாங்கள் எடுத்துப் போடுவது இரண்டு மூன்று வரிதான். முழுத் தீர்ப்பும் பெரிதொன்றும் இல்லை, ஒரு டீ குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம். படித்தால் சட்ட விளக்கத்தோடு இன்னொன்றும் தெரியும்: விபத்துக்குப் பிறகு முதலாளி தரப்பு எடுத்துவைத்த அடிகள். அரை நூற்றாண்டு கழிந்தும் அதே அடிகள் கிட்டத்தட்ட அதே வரிசையில் என் மேசைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

பதில் நோட்டீஸ்

விபத்து நடந்து ஐந்து வாரம் கழித்து, ஆகஸ்ட் 11 அன்று, தச்சர் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் கொடுக்கிறார். பத்தே நாளில், 21-ஆம் தேதி பதில் வந்துவிடுகிறது. அதில் இரண்டு விஷயம். ஒன்று, இவர் என் ஆளே இல்லை, எப்போதாவது வந்து செய்துவிட்டுப் போகிற ஒப்பந்தக்காரர். இரண்டு, விபத்துக்கு முழுக்க முழுக்க அவருடைய கவனக்குறைவுதான் காரணம்.

இந்த இரண்டையும் இன்றைக்கும் எந்த ஊர் லேபர் ஆபீஸிலும் கேட்கலாம். ஊருக்கு ஊர் சொல் மாறும். "அவன் மேஸ்திரி கூட்டி வந்த ஆள்", "பீஸ் ரேட்டுக்கு வந்தவன்", "மெஷின்ல கை விடாதேன்னு நூறு தடவை சொல்லியிருக்கேன் சார்".

முதல் பதிலுக்கு அன்று கொஞ்சம் இடம் இருந்தது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், தற்காலிகமாக வந்துபோகிறவர்களில் ஒரு சாராரை 'தொழிலாளி' என்ற வரையறைக்கு வெளியே வைத்திருந்தது. ஆனால் அதற்கு இரண்டும் பொருந்த வேண்டும்: வேலை தற்காலிகமானதாக இருக்க வேண்டும், அதோடு முதலாளியின் தொழிலுக்குச் சம்பந்தமில்லாததாகவும் இருக்க வேண்டும். வீட்டுத் தென்னையில் காய் பறிக்க வந்தவரை இப்படித் தள்ளிவிடலாம். கொட்டகை நடத்துகிறவர் தன் கொட்டகையை அலங்கரிக்க வைத்த தச்சரை எப்படித் தள்ளுவது? 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த விலக்கையே எடுத்துவிட்டார்கள். இடையில் கான்ட்ராக்டர் இருந்தாலும், தன் தொழிலுக்கான வேலையை அவர் மூலம் செய்வித்த முதன்மை முதலாளியிடம் நேராகவே இழப்பீடு கேட்கலாம் என்பதும் பழைய சட்டத்தின் 12-ஆம் பிரிவில் ஆரம்பம் முதலே இருந்தது. கொடுத்த பணத்தைக் கான்ட்ராக்டரிடமிருந்து வாங்கிக்கொள்வது முதலாளியின் பாடு.

இரண்டாவது பதில் சட்டப்படி பதிலே அல்ல. இந்தச் சட்டம் யார் மேல் தப்பு என்று பார்க்கிற சட்டம் இல்லை. வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் விபத்து நடந்ததா, அவ்வளவுதான் கேள்வி. கவனக்குறைவு என்பது தற்காப்பு ஆகாது. குடித்திருந்தது, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியது, இயந்திரத்தின் பாதுகாப்புக் கவசத்தைத் தெரிந்தே கழற்றியது என்று மூன்றே மூன்று விலக்குகள் இருக்கின்றன. மரணமோ நிரந்தர முழு இயலாமையோ நேர்ந்துவிட்டால் இப்போது அவையும் செல்லாது. ஆனாலும் 'அவன் கவனக்குறைவு' என்ற வரி இல்லாத பதில் நோட்டீஸை நான் பார்த்ததில்லை. சட்டத்துக்காக எழுதுவதில்லை என்று நினைக்கிறேன். படிக்கிறவர் தன்னையே நொந்துகொண்டு பேசாமல் இருந்துவிடட்டும் என்பதற்காக எழுதுவது.

நேரில் போய்க் கேட்டது

பதில் வந்த பிறகு தச்சர் நேரில் போய்க் கேட்டிருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் கோரிக்கைகளை விசாரித்து உத்தரவு போடும் அதிகாரியான இழப்பீட்டு ஆணையரிடம் மனுப் போட்டார். அங்கே முதலாளி தரப்பு, ஆணையருக்கு இதை விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்று ஒரு ஆட்சேபத்தை எழுப்பியது. உச்ச நீதிமன்றம் பின்னால் இதை அற்பமான ஆட்சேபம் என்று சொல்லி ஒதுக்கியது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இந்த வழக்கிலேயே மிகவும் பழக்கமான கட்டம். தச்சரைச் சம்மதிக்க வைத்து, ஒரு தொகைக்குச் சமாதானம் ஆகிவிட்டதாக ஒப்பந்தக் குறிப்பு ஒன்றை ஆணையர் முன் தாக்கல் செய்ய வைத்தார்கள். தொகை அவ்வளவு சொற்பம் என்பதால் ஆணையர் அதை ஏற்க மறுத்துவிட்டார்.

ஒரு கை போய், வேலை போய், மாதம் 120 ரூபாயும் நின்றுபோய், வழக்கு எப்போது முடியும் என்று தெரியாமல் இருக்கிற மனிதர் எந்தத் தொகைக்கும் கையெழுத்துப் போடுவார். அதைத் தெரிந்துதான் இந்தச் சட்டம் சில வேலிகளைப் போட்டிருந்தது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. மொத்தமாக ஒரு தொகை கொடுத்து முடிப்பதாக இருந்தால் ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்று பட்டாலோ, ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியது என்று பட்டாலோ அவர் மறுக்கலாம். பதிவே செய்யாமல் மறைத்து வைத்தால் முழு இழப்பீட்டையும் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல், ஆணையர் அனுமதிக்காமல், கழித்துக்கொள்ளவும் முடியாது.

இந்தக் கடைசி விதி பல முதலாளிகளுக்குத் தெரியாது. அவர்களுடைய வக்கீல்களுக்கும் சில சமயம் தெரிவதில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு பையன் கொண்டுவந்த பத்திரம் நினைவுக்கு வருகிறது. பவர் பிரஸ்ஸில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழுசாகப் போய்விட்டன. 100 ரூபாய் முத்திரைத்தாளில், 'நானாகவே என் அஜாக்கிரதையால் அடிபட்டுக்கொண்டேன், மனிதாபிமான அடிப்படையில் தொகையைப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன்' என்று டைப் அடித்திருந்தது. கீழே அவனுடைய இடது கைப் பெருவிரல் ரேகை. ஏன் கையெழுத்துப் போடவில்லை, நீ பத்தாவது படித்தவன்தானே என்று கேட்டேன். கட்டு போட்டிருந்த வலது கையைத் தூக்கிக் காட்டினான். அந்தப் பத்திரத்தைக் கிழித்துப் போடாதே, பத்திரமாக வை என்றேன். தன் இடத்தில்தான் விபத்து நடந்தது என்று முதலாளியே எழுதிக் கொடுத்த சாட்சி அது.

15,092 ரூபாய்

1969 மே 6 அன்று ஆணையர் உத்தரவு போட்டார். இடது கை முழங்கைக்கு மேலே வெட்டப்பட்டிருக்கிறது. இவர் தொழிலால் தச்சர். தச்சு வேலையை ஒற்றைக் கையால் செய்ய முடியாது. ஆகவே வருவாய் ஈட்டும் திறனில் இழப்பு 100 சதவீதம்.

இழப்பீடு 9,800 ரூபாய். கொடுக்க வேண்டிய காலத்தில் கொடுக்காததற்கு அதில் 50 சதவீதம் அபராதம், 4,900 ரூபாய். அதன்மேல் ஆண்டுக்கு 6 சதவீத வட்டி. மொத்தம் 15,092. கழித்துப் பார்த்தால் வட்டி 392 ரூபாய், எட்டு மாத வட்டி.

9,800 எப்படி வந்தது என்று இன்றைய சூத்திரத்தை வைத்துத் தேடினால் கிடைக்காது. வயதுக்கேற்ற காரணியால் பெருக்குவதெல்லாம் 1984 திருத்தத்துக்குப் பிறகு வந்தது. அதற்கு முன்னால் சம்பளப் படிக்கு ஏற்ப ஒரே மொத்தத் தொகைதான். இருபது வயதுக்காரருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கும் அதே தொகை.

முதலாளி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கமான மேல்முறையீடாகப் போகவில்லை, அரசியல் சட்டத்தின் கீழ் நேராகப் போடும் ரிட் மனுவாகப் போனார். இந்தச் சட்டத்தின் கீழ் முதலாளி மேல்முறையீடு செய்ய வேண்டுமானால், ஆணையர் உத்தரவிட்ட தொகையைக் கட்டிவிட்டு, கட்டியதற்கான சான்றையும் மனுவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். ரிட்டுக்கு அந்த நிபந்தனை கிடையாது. 1969 அக்டோபர் 17 அன்று ஒரிசா உயர் நீதிமன்றம் ரிட்டை எடுத்த எடுப்பிலேயே தள்ளுபடி செய்தது. பிறகு சிறப்பு அனுமதி வாங்கிக்கொண்டு உச்ச நீதிமன்றம். அங்கே ஆறு வருடம்.

20.32 சென்டிமீட்டர்

1975 டிசம்பர் 4 அன்று நான்கு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி பி.என். சிங்கால். முன்னால் இருந்தவை இரண்டு கேள்விகள். எவ்வளவு, எப்போதிலிருந்து.

எவ்வளவு என்ற கேள்வியில் முதலாளி தரப்பு நம்பியது சட்டத்தின் முதல் அட்டவணையை. அந்த அட்டவணையை ஒரு தடவையாவது நேரில் படித்துப் பார்க்க வேண்டும். முதல் பகுதியில் ஆறு காயங்கள், ஒவ்வொன்றும் 100 சதவீதம்: இரண்டு கையும் போவது, ஒரு கையும் ஒரு பாதமும் போவது, பார்வை போவது, காது முழுசாகச் செவிடாவது என்று. இரண்டாம் பகுதியில் உறுப்பு உறுப்பாக விலை. பெருவிரல் 30. ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. நடுவிரல் 12. கை என்றால் தோள்பட்டை எலும்பின் நுனியிலிருந்து அளக்க வேண்டும். எஞ்சிய தண்டு 20.32 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் 80 சதவீதம். 20.32-க்கும் முழங்கை முனைக்குக் கீழே 11.43 சென்டிமீட்டருக்கும் நடுவில் எங்கே வெட்டியிருந்தாலும் 70. அங்குலத்தில் 8, நாலரை என்று இருந்ததைச் சென்டிமீட்டராக மாற்றியபோது அந்த இரண்டு தசம இடமும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. டேப்பை வைத்து அளக்கும் எந்த டாக்டரும் அந்த 0.32-ஐப் பார்த்து ஒரு கணம் நின்றிருப்பார்.

இது இரண்டாம் பகுதியின் மூன்றாம் இனத்தில் வருகிற காயம், எனவே பகுதி இயலாமைதான் என்றது முதலாளி தரப்பு. அதாவது 70 சதவீதம். 9,800-இல் அது 6,860. வித்தியாசம் 2,940 ரூபாய், தச்சரின் இரண்டு வருடச் சம்பளத்துக்கும் சற்று மேல்.

நீதிமன்றம் அட்டவணையிலிருந்து ஆரம்பிக்கவில்லை, வரையறையிலிருந்து ஆரம்பித்தது. முழு இயலாமை என்றால் என்ன? விபத்து நடந்த சமயத்தில் அந்தத் தொழிலாளி எந்தெந்த வேலையைச் செய்யக்கூடியவராக இருந்தாரோ, அந்த எல்லா வேலைக்கும் அவரை முடியாதவராக ஆக்கும் இயலாமை. அட்டவணை அதற்குப் பிறகு வருவது. முதல் பகுதியில் உள்ள காயம் என்றாலோ, இரண்டாம் பகுதிக் காயங்களைக் கூட்டினால் நூறு வந்தாலோ முழு இயலாமை என்று கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். அப்படி வராவிட்டால் முழு இயலாமையே இல்லை என்று எங்கும் சொல்லவில்லை. காயம் நிரந்தரமானது என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. இந்த மனிதர் தச்சர். தச்சு வேலை ஒரு கையால் ஆகாது என்ற ஆணையரின் முடிவு நியாயமானது, சரியானது. கதை முடிந்தது.

தீர்ப்பில் இந்த இடம் நாலைந்து வரிதான். எழுதியவர்களுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. மரப்பட்டறைக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்த நாலைந்து வரிக்குள் நிறையத் தெரியும். உளியைப் பிடிப்பது இடது கை. வலது கை கொட்டாப்புளியால் அடிக்கும், அவ்வளவுதான். எந்தச் சாய்வில் உளி நிற்க வேண்டும், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், நரம்பு எதிர்த்தால் எப்படித் திருப்ப வேண்டும் என்று முடிவு செய்வதெல்லாம் உளியைப் பிடித்த கை. இழைப்புளிக்கு இரண்டு கையும் வேண்டும், ஒன்று தள்ள, ஒன்று முன்னால் அமுக்க. ரம்பம் போடும்போது கட்டையை அசையாமல் பிடிப்பதும் இடது கைதான். வலக்கைப் பழக்கக்காரருக்கு இடது கை துணைக் கை என்று வெளியே நிற்கிறவர்கள் நினைப்பார்கள். பட்டறையில் அது பாதி வேலைக்காரன்.

விழுந்த நாளா, உத்தரவு வந்த நாளா

இரண்டாவது கேள்வி வறட்சியாகத் தெரியும். ஆனால் பணம் அதிகம் புரள்வது இங்கேதான்.

முதலாளி தரப்பு வாதம் இது: நான் பொறுப்பை மறுத்தேன். பொறுப்பு உண்டா, எவ்வளவு என்று ஆணையர் தீர்மானித்தது 1969 மே 6 அன்றுதான். அன்றுதானே தொகை கொடுக்க வேண்டியதாகிறது? அதற்கு முன்னால் நான் தவணை தவறினேன் என்று எப்படி வட்டியும் அபராதமும் போடலாம்?

நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. தொழிலாளிக்குக் காயம் ஏற்பட்ட அந்தக் கணமே முதலாளியின் பொறுப்பு பிறந்துவிடுகிறது. ஆணையர் உத்தரவு அந்தப் பொறுப்பை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருப்பதைச் சொல்கிறது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை. அதைவிட மோசம், இவ்வளவுக்குத்தான் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டு இடைக்காலத் தொகைகூடக் கொடுக்கவில்லை. அங்கே நீதிமன்றம் அந்த அடிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறது: ஒப்பந்தக்காரர் என்ற பொய் வாதம், கவனக்குறைவு என்ற பொய் வாதம், நேரில் வந்து கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளாதது, அதிகாரமில்லை என்ற ஆட்சேபம், சொற்பத் தொகைக்கு எழுதி வாங்கியது. வட்டியும் அபராதமும் முற்றிலும் நியாயம்.

இவ்வளவு தெளிவாக நான்கு நீதிபதிகள் சொன்ன பிறகும் 2007-இலும் 2009-இலும் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வுகள், வட்டி ஆணையர் உத்தரவு நாளிலிருந்தோ மனுப் போட்ட நாளிலிருந்தோதான் என்று எழுதின. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. நான்கைந்து வருடம் நாடு முழுக்க ஆணையர் அலுவலகங்களில் வட்டி விஷயம் குழம்பிக் கிடந்தது. 2012-இல் இன்னொரு இரண்டு நீதிபதிகள் அமர்வு, அந்தத் தீர்ப்புகள் தச்சர் வழக்கைக் கவனிக்காமல் எழுதியவை, பெரிய அமர்வு சொன்னதே சட்டம் என்று நேர் செய்தது. அந்த இடைவெளியில் உத்தரவாகி, மேல்முறையீடு செய்யாமல் விட்டுப்போன வழக்குகளின் வட்டி போனது போனதுதான்.

இதே விதிக்கு இன்னொரு முனையும் உண்டு, அது தொழிலாளியைக் குத்தும். பொறுப்பு விபத்து நாளில் பிறக்கிறது என்றால், அன்றைய விகிதமே செல்லும். விசாரணை நடக்கும்போது சட்டம் திருத்தப்பட்டு தொகை உயர்ந்தாலும் பழைய விபத்துக்காரருக்கு அது கிடையாது. 1999-இல் கேரள மின் வாரிய வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இப்படித்தான் முடிவு செய்தது, இதே தச்சர் வழக்கை ஆதாரமாகக் காட்டி. கணக்குப் போட்டால் வலிக்கும். இழப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பள உச்சவரம்பு 2010 மே 31 முதல் 8,000 ரூபாயாக இருந்து, 2020 ஜனவரி 3 அன்று 15,000 ஆயிற்று. 30 வயதுக்காரருக்குக் காரணி 207.98. நிரந்தர முழு இயலாமைக்குச் சம்பளத்தில் 60 சதவீதத்தை அதனால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரி 2 அன்று விழுந்தவருக்கு அதிகபட்சம் 9,98,304 ரூபாய். மறுநாள் விழுந்தவருக்கு 18,71,820.

இன்றைய தச்சர்

அந்தத் தச்சரை இன்றைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 30 வயது, அதே காயம். நம் ஊரில் நல்ல தச்சர் மாதம் 15,000-க்கு மேல்தான் சம்பாதிப்பார், ஆனால் கணக்குக்கு 15,000-தான். அவர் சொல்வது எடுபட்டால் 18,71,820. அட்டவணையின் 70 சதவீதத்தில் நிறுத்திவிட்டால் 13,10,274. தச்சர் என்ற சொல்லின் விலை 5,61,546 ரூபாய். முழுத் தொகைக்கு 12 சதவீத வட்டி வருடத்துக்கு 2,24,618. வழக்கு நான்கு வருடம் இழுத்தால், எப்போதிலிருந்து என்ற கேள்வியின் விலை ஒன்பது லட்சத்தைத் தொடும். அபராதம் 50 சதவீதம் வரை போகலாம். அதை இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டாது. இழப்பீடும் வட்டியும் பாலிசிக்குள் வரும், அபராதம் முதலாளியின் சொந்தத் தப்புக்கானது, அவர் பையிலிருந்துதான் போக வேண்டும் என்று 1997-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'பாலிசி இருக்கு, அவங்க பாத்துப்பாங்க' என்று நோட்டீஸை ஓரமாக வைக்கிற முதலாளிகளுக்கு இதை நான் சொல்வதுண்டு. எதிர்த்தரப்பு வக்கீல் சொல்கிறார் என்பதால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஈ.எஸ்.ஐ. கார்டு, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. அவர்கள் முதலாளியிடம் இந்த இழப்பீட்டைக் கேட்க முடியாது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம், நிரந்தர இயலாமைக்கு மெடிக்கல் போர்டு சொல்லும் சதவீதத்துக்கேற்ப வாழ்நாள் முழுக்க மாதத் தொகை என்று ஈ.எஸ்.ஐ. கழகத்திடமிருந்து வரும். மொத்தமாகப் பணம் வந்தால் மகள் கல்யாணத்திலும் பழைய கடனிலும் ஆறு மாதத்தில் கரைவதைப் பார்த்தவன் என்ற முறையில், மாதாமாதம் வருவது மேல் என்று எனக்குத் தோன்றும். கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் மொத்தப் பணம்தான் வேண்டும் என்பார்கள்.

2025 நவம்பர் 21 முதல் 1923 சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020 வந்துவிட்டது. ஆணையருக்குப் பதில் தகுதி அதிகாரி. முழு இயலாமையின் வரையறை சொல்லுக்குச் சொல் கிட்டத்தட்ட அதேதான். ஆகவே தச்சரும் கூடவே வந்துவிட்டார்.

இடையில் அவர் பல வேலை பார்த்திருக்கிறார். 2008-இல் டேங்கர் லாரி ஓட்டுநர் ஒருவருக்கு வலது கால் முழங்கால் வரை போனது. ஆணையர் 100 என்றார், உயர் நீதிமன்றம் 65 ஆக்கியது, உச்ச நீதிமன்றம் தச்சர் வழக்கைக் காட்டி மறுபடி 100 ஆக்கியது. 2010-இல் சாலை விபத்து வழக்கு ஒன்றில் நீதிபதி ரவீந்திரன் எழுதிய விளக்கத்திலும் அவர் நிழல் உண்டு: இடது கை போனால் உடல் ஊனம் சுமார் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், ஓட்டுநருக்கோ தச்சருக்கோ வருமான இழப்பு கிட்டத்தட்ட நூறு, அரசு அலுவலகத்தில் எழுத்தர் என்றால் வேலையே போகாமல் இருக்கலாம்.

அதனால்தான் புது வழக்குக் கட்டு ஒன்று வந்தால் நான் முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியையோ ஊனச் சான்றையோ எடுப்பதில்லை. ஏ.ஆர். காப்பியை, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலை எடுப்பேன். அரசு ஆஸ்பத்திரியில் அடிபட்டவரை இறக்கிய உடனே எழுதுவது அது. பெயர், வயது, எங்கே அடிபட்டது, யார் கொண்டுவந்தார்கள். அங்கே தொழில் என்று ஒரு இடம் இருக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, முன்னால் பத்துப் பேர் முனகிக்கொண்டிருக்கும்போது, பணியில் இருப்பவர் யாரையும் விசாரித்து எழுதுவதில்லை. லேத் ஓட்டுகிறவர், தச்சர், பாலிஷ் போடுகிறவர், கம்பி கட்டுகிறவர் எல்லாருக்கும் அங்கே ஒரே வார்த்தைதான்: கூலி. கூலி என்று எழுதிவிட்டால், ஒரு கையை வைத்துக்கொண்டு வேறு கூலி வேலை செய்யலாமே என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். பட்டறையில் கூட வேலை செய்தவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவரைக் கூண்டில் ஏற்றி, இவர் உளி பிடித்த ஆள் என்று சொல்ல வைப்பதற்கே ஒரு வருடம் போய்விடும்.